பட்டா போட்ட பொட்டல்

கோல்ஃப் ஆடப் போனேன் என்று சொன்னதும் ஊரிலிருக்கும் நண்பன் வாட்ஸப்பில் கேட்டான்: "என்ன தோழர், நீங்களும் அந்தப் பக்கம் போயாச்சா?" கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. இன்னொரு தோழி, இங்கே இரண்டு வாரம் வந்து தங்கிவிட்டு ஆங்கிலேயக் கிராமத்தின் மௌனத்தைப் பற்றி மூன்று பதிவுகள் எழுதியவள், "இயற்கையை எப்படி அப்படியே வைத்திருக்கிறார்கள் பார்த்தீர்களா!" என்றாள். இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதப் பார்த்தேன். நீண்டுகொண்டே போனது. சரி, சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவன் மேலும் கோபம், அவள் மேலும் கோபம். என் மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. அது ஏன் என்பது பதினோராவது குழி வரும்போது தெரியும்.

நான் சர்ரே கவுன்டியில் வோக்கிங் பக்கம் குடியிருப்பவன். தினமும் காலையில் வாட்டர்லூவுக்கு ரயில் பிடித்துப்போய்ப் பிறத்தியாரின் பணத்தை எண்ணும் கணினிகளோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்புகிறவன். ஆடியது இங்கிருந்து அரைமணி நேரத் தொலைவிலுள்ள ஒரு பழைய ஹீத்லேண்ட் மைதானத்தில். பெயரைச் சொல்லப்போவதில்லை. என்னை விருந்தாளியாக அழைத்துப்போன சக ஊழியர் நல்ல மனிதர். அவருக்குச் சங்கடம் வேண்டாம். கிளப்புக்கும் வேண்டாம். பெயர் சொன்னால் அந்த ஒரு கிளப்பைத் திட்டிவிட்டு மற்றதையெல்லாம் மறந்துவிடுவீர்கள் என்பது இன்னொரு காரணம்.

ஹீத் என்பதற்குத் தமிழில் சரியான சொல் இல்லை. புதர்க்காடு என்றால் கிட்டத்தட்ட வரும், பொட்டல் என்றாலும் கிட்டத்தட்ட வரும். சத்தில்லாத, புளிப்பேறிய மணல் மண். அதன் மேல் முழங்காலளவு ஹெதர் செடி, நடுநடுவே மஞ்சள் பூவும் முள்ளுமாகக் கோர்ஸ், ஓரங்களில் பிர்ச்சும் பைனும். வருடத்தில் பத்து மாதம் பழுப்பாகக் கிடக்கும். ஆகஸ்ட் மாதம் போனால் ஊதா. நான் போனது ஆகஸ்ட் கடைசி வாரம். கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தபோது, ஏதோ பண்டிகைக்குக் கம்பளம் விரித்து நடுவில் பச்சைத் துண்டுகளை வெட்டிவைத்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன், மூச்சு நின்றுவிட்டது.

முதல் டீயில் நின்றேன். குடிக்கிற டீ இல்லை. முதல் அடியை அடிக்கிற மேடை. எனக்கும் ஃபேர்வே புல்லுக்கும் நடுவில் நூறு கஜம் ஹெதர். அதைத் தாண்டி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நகராட்சி மைதானங்களில் இருபது பவுண்டு கொடுத்து ஆடிப் பழகிய ஆளுக்கு அந்த நூறு கஜம் பாக் ஜலசந்தி மாதிரி தெரிந்தது. முதல் பந்து ஹெதருக்குள். ஹெதருக்குள் விழுந்த பந்தின் கொடுமை என்னவென்றால், அது கண்ணுக்குத் தெரியும். வெள்ளையாக, அடித்துக்கொள் என்று சொல்வது போலக் கிடக்கும். நாம் வீறாப்பாக வீசுவோம். அந்தச் செடியின் தண்டு கம்பி மாதிரி; மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருகிவிடும். பந்து இடது பக்கம் பத்தடி நகர்ந்து மறுபடி ஹெதரில் உட்காரும். மூன்று முறை இதைச் செய்த பிறகு, "குட்டை மட்டையை எடு, பக்கவாட்டில் புல்லுக்கு வா, மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் நண்பர். அன்றைக்குக் கற்றுக்கொண்ட ஒரே கோல்ஃப் பாடம் அது. மொத்தம் 103 அடி. மைதானம் எதிர்பார்ப்பது 70.

ஆனால் நிலம்! காலுக்குக் கீழே அந்த நிலம் இருந்ததே, அதைச் சொல்ல வேண்டும். முந்தின நாள் இரவு முழுக்க மழை. லண்டனைச் சுற்றியிருக்கும் களிமண் மைதானங்களில் ஆடியிருந்தால் காலணி புதைந்திருக்கும். இங்கே ஒரு சொட்டு ஈரம் தங்கவில்லை. பந்து விழுந்து, துள்ளி, சரிவைப் பார்த்துத் திரும்பி, தானாகவே வழி தேடி ஓடியது. நான் சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுப் பிள்ளை. செம்மணல். எவ்வளவு மழை பெய்தாலும் மறுநாள் காலையில் மழை பெய்த தடம் இருக்காது, மண் குடித்துவிடும். "அந்த மண்ணுல என்னடா விளையும்" என்று தாமிரபரணிப் பாசனத்துக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். பனையும் உடைமரமும்தான் விளையும், ஆடு மேயும். சர்ரேயின் மணலும் இப்படிக் கேலி செய்யப்பட்ட மண்தான். நிறம்தான் வேறு. பதினெட்டு குழியும் சுற்றி முடித்தபோது பாதங்களுக்கு ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. ஆகவே தோழரே, ஆமாம், பிடித்திருந்தது. கோல்ஃப் முட்டாள்களின் விளையாட்டு என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு வழியில்லை. அது நல்ல ஆட்டம். பிடிக்காத ஒன்றைத் திட்டுவதில் என்ன இருக்கிறது?

ஐந்தாவது குழியில் எங்களோடு ஆடிய ஓய்வுபெற்ற கனவான் ஒருவர் கையை வீசிச் சுற்றிலும் காட்டினார். ஆயிரம் வருடமாக மனிதன் கைபடாத நிலம், நாங்கள் அதில் கொஞ்சம் புல் மட்டும் வெட்டியிருக்கிறோம் என்றார். என் தோழியின் பதிவிலும் கிட்டத்தட்ட இதே வாக்கியம் இருந்தது.

சுத்தப் பொய். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்.

ஹீத் இயற்கையாக உருவானதல்ல. காடாக இருந்த இடம் இது. வெண்கலக் காலத்து மனிதர்கள் மரத்தை வெட்டினார்கள், மெலிந்த மணலில் சத்து மழையோடு இறங்கிப்போயிற்று, ஹெதர் வந்தது. வந்த ஹெதர் அப்படியே நின்றுவிடாது. இருபது முப்பது வருடம் சும்மா விட்டால் பிர்ச்சும் பைனும் முளைத்து மறுபடி காடாகிவிடும். ஆயிரக்கணக்கான வருடங்கள் அது காடாகாமல் நின்றதற்குக் காரணம், ஒவ்வொரு நாளும் யாரோ அதில் வேலை செய்தார்கள். மாடும் ஆடும் குதிரையும் மேய்த்தார்கள். ரொட்டி அடுப்புக்குக் கோர்ஸ் முள் வெட்டினார்கள். மாட்டுக்குப் படுக்கையாகப் பெரணி அறுத்தார்கள். புல்லோடும் வேரோடும் மேல்மண்ணைப் பாளம் பாளமாக வெட்டிக் காயவைத்து எரித்தார்கள். இந்த உரிமைகளுக்கெல்லாம் பழைய சட்டத்தில் தனித்தனிப் பெயர் உண்டு: விறகு, பெரணிக்கு எஸ்டோவர்ஸ், மண்பாளத்துக்கு டர்பரி. செய்தவர்களுக்குக் காமனர்கள் என்று பெயர். நிலம் பிரபுவுடையது, ஆனால் அதில் மேய்க்கவும் வெட்டவும் ஊராருக்கு உரிமை. மண்ணில் சத்துச் சேராமல் எடுத்துக்கொண்டே இருந்ததால்தான் ஹெதர் பிழைத்தது. அந்த ஊதாக் கம்பளம் ஏழைகள் விறகு பொறுக்கியதன் மிச்சம். அதைப் போய்க் கைபடாத இயற்கை என்றால் எப்படி? பாத்திரம் தேய்த்தவளை வெளியே அனுப்பிவிட்டு, பித்தளை தானாகவே மின்னுகிறது என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

இந்த நிலத்துக்கு ஆங்கிலச் சட்டம் வைத்த பெயர் 'வேஸ்ட்'. மேனரின் வேஸ்ட். நமக்குப் புதிய சொல் இல்லையே. வரி விதிப்புக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கென்று விட்ட நிலம் புறம்போக்கு. இன்று அது திட்டுகிற வார்த்தை. நீலகிரிப் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்துச் சீகையும் யூகலிப்டஸும் நட்டவர்களும் இந்த வேஸ்ட் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள்தான். கொசுறாக அவர்கள் கொண்டுவந்த கோர்ஸ் இன்றைக்கும் ஊட்டிப் பக்கத்தில் மஞ்சளாகப் பூத்து, அங்கிருக்கும் புல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. கல்லூரிச் சுற்றுலாவில் அந்தப் பூவோடு நின்று நான் எடுத்துக்கொண்ட படம் கூட வீட்டில் இருக்கிறது. சர்ரேயில் அதைப் பார்த்தபோது, இதென்ன நம்ம ஊட்டிப் பூ என்றுதான் முதலில் நினைத்தேன்.

சரி, வேஸ்ட் எப்படிக் கிளப் ஆனது? என் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1852இல் லண்டன் நெக்ரோபோலிஸ் கம்பெனி என்று ஒன்று நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு வோக்கிங்கின் பொது நிலங்களை, இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேல், வளைத்தது. நெக்ரோபோலிஸ் என்றால் பிணங்களின் நகரம். லண்டனில் புதைக்க இடமில்லை, காலராவில் செத்தவர்களை எங்கே கொண்டுபோவது என்ற பதற்றத்தில் பிறந்த கம்பெனி. 1854இல் புரூக்வுட் கல்லறை திறந்தது. வாட்டர்லூவிலிருந்து பிணங்களுக்கென்றே தனி ரயில் ஓடியது. கூட வருகிறவர்களுக்குப் போகவர டிக்கெட், சவப்பெட்டிக்குப் போக மட்டும். வாங்கிய நிலத்தில் கல்லறைக்குத் தேவைப்பட்டது ஒரு பகுதிதான். மிச்சத்தை விற்கவும் கம்பெனி பிறகு அனுமதி வாங்கிக்கொண்டது. மிச்சத்தில் ஊர் முளைத்தது. அந்த மிச்சத்திலேயே ஹூக் ஹீத் பக்கம், லண்டன் பாரிஸ்டர்கள் சிலர் சேர்ந்து 1893இல் வோக்கிங் கோல்ஃப் கிளப்பைத் தொடங்கினார்கள். செத்தவர்களுக்கு என்று சொல்லி ஆடு மேய்த்தவர்களிடமிருந்து எடுத்த நிலம், நாற்பது வருடத்தில் வக்கீல்களின் கைக்கு வந்தது. இதில் திருட்டு என்று எதுவும் இல்லை. எல்லாமே சட்டப்படி நடந்தது. அதுதான் என் புகாரே.

அதன் பிறகு வெள்ளம்தான். ஸ்காட்லாந்துக் கடற்கரை மணலைப் போலவே ரயில் பாதையை ஒட்டி ஒரு மணல் இருக்கிறது, விலையும் மலிவு என்று தெரிந்ததும் வரிசையாக வந்தார்கள். 1901இல் சன்னிங்டேல், நிலம் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியுடையது. 1904இல் வால்டன் ஹீத். சன்னிங்டேலில் செயலாளராக இருந்த ஹாரி கோல்ட் என்ற முன்னாள் சொலிசிட்டர் ஸ்வின்லி ஃபாரஸ்ட், செயின்ட் ஜார்ஜஸ் ஹில் என்று மைதானமாக வரைந்து தள்ளினார். மேதை, சந்தேகமேயில்லை. நிலத்தின் சரிவோடு சண்டை போடாமல் குழிகளை அமைத்தவர். அந்த மேதைமையைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. எனக்கு வேண்டியது செயின்ட் ஜார்ஜஸ் ஹில்.

1649 ஏப்ரல். இங்கிலாந்து தன் அரசனின் தலையை வெட்டி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஜெரார்ட் வின்ஸ்டன்லி என்ற நொடித்துப்போன துணி வியாபாரியும் இன்னும் சிலரும் இந்தக் குன்றுக்கு மண்வெட்டியோடு வந்து, பொது நிலத்தைக் கொத்திக் கேரட்டும் பார்ஸ்னிப்பும் பீன்ஸும் விதைத்தார்கள். அரசன் போய்விட்டானென்றால் அரசன் கொடுத்த நிலப் பட்டாவும் போக வேண்டும்தானே என்பது அவர்கள் வாதம். டிக்கர்கள் என்று பெயர் வந்தது. கோடை முடிவதற்குள் அடித்து விரட்டப்பட்டார்கள். பக்கத்தில் கோபமுக்குப் போனார்கள். அடுத்த வசந்தத்தில் அங்கிருந்தும் குடிசையைக் கொளுத்தி விரட்டினார்கள்.

1911இல் டாரன்ட் என்ற கட்டுமானக்காரர் அந்தக் குன்றில் தொள்ளாயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கினார். பெரிய பெரிய வீட்டுமனைகள், நடுவில் கோல்ட் வரைந்த கோல்ஃப் மைதானம், 1913இல் திறப்பு. இன்று வாயிற்கதவும் காவலும் வைத்த குடியிருப்பு அது. உடைமையே இல்லாத உலகத்தைக் கற்பனை செய்யச் சொன்ன ஜான் லெனன், அந்தப் பாட்டு எழுதுவதற்குச் சில வருடம் முன்பு அங்கேதான் வீடு வைத்திருந்தார். இதை நான் இட்டுக்கட்டினால் மிகையாக இருக்கிறது என்று எந்த எடிட்டரும் வெட்டிவிடுவார். 1999இல், 350ஆவது ஆண்டு நிறைவுக்குக் கொஞ்சம் பேர் அங்கே போய்க் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். வின்ஸ்டன்லிக்காக அவர்கள் செய்துகொண்டு போன நினைவுக்கல் இப்போது குன்றின் மேல் இல்லை. வேபிரிட்ஜ் ரயில் நிலையம் பக்கத்தில் நிற்கிறது.

இந்த இடத்தில் என் தோழர்கள் கைதட்டுவார்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். டிக்கர்களை அடித்தவர்களில் பிரபுக்களின் ஆட்கள் மட்டுமில்லை, உள்ளூர்க் குடியானவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அது மேய்ச்சல் நிலம். வெளியூர்க்காரன் வந்து கொத்தினால் மாடு எங்கே போகும்? டிக்கர்கள் ஜெயித்திருந்தால் அந்தக் குன்றில் ஒரு ஹெதர் செடி மிஞ்சியிருக்காது. அந்த மணலில் பீன்ஸ் எத்தனை வருடம் விளைந்திருக்கும் என்பது வேறு விஷயம், தேரிக்காட்டுக்காரனைக் கேளுங்கள். பொது என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாது. யாருடைய பொது, எதற்கான பொது என்று சண்டை அப்புறம்தான் ஆரம்பமாகும். ஆனால் அது ஊருக்குள் நடக்கிற சண்டை. வேலி போட்டுவிட்டால் அந்தச் சண்டை கூட மிஞ்சாது.

வால்டன் ஹீத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் பத்திரிகை அதிபர் ஜார்ஜ் ரிடெல் செல்வாக்கில் அது அரசியல்வாதிகளின் மடமாக இருந்தது. பால்ஃபர், சர்ச்சில், லாய்ட் ஜார்ஜ் எல்லோரும் அங்கே ஆடினார்கள். லாய்ட் ஜார்ஜ் யார்? 1909 பட்ஜெட்டில் நிலத்தின் மதிப்புயர்வுக்கு வரி போட்டுப் பிரபுக்கள் சபையையே கதிகலங்க வைத்தவர். 1913 அக்டோபரில் பெட்ஃபோர்டில் நிலச் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கி வைத்தவர். அதே வருடம் வால்டன் மைதானத்துக்குப் பக்கத்தில் ரிடெல் அவருக்காக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் பெண் வாக்குரிமைப் போராளிகள் அதற்கு வெடி வைத்தார்கள். எம்மலின் பாங்கர்ஸ்ட் பொறுப்பேற்று மூன்று வருடக் கடுந்தண்டனை வாங்கினார். அதே வருடம் வேறு மைதானங்களின் கிரீன்களில் அமிலத்தை ஊற்றித் தங்கள் கோரிக்கையை எழுதினார்கள் அந்தப் பெண்கள். எங்கே அடித்தால் அமைச்சர்களுக்கு வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிலத்துக்காக முழங்கியவர் வாரக்கடைசியில் எந்த நிலத்தில் நின்றார் என்பதைப் பற்றி நம் ஊர்ப் பாடப்புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நில வரியை 1920இல் ரத்து செய்ததும் அவரே பிரதமராக இருந்த அரசுதான்.

இப்போது கிளப்காரர்களின் வாதத்துக்கு வருகிறேன். அதை லேசாக நினைக்கக் கூடாது. "நாங்கள் இல்லாவிட்டால் இந்த ஹீத் இருந்திருக்காது" என்கிறார்கள். உண்மை. 1800இலிருந்து பார்த்தால் இங்கிலாந்தின் தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது. உழவுக்கு, பைன் தோட்டத்துக்கு, வீட்டுக்கு, சாலைக்கு. மேய்ச்சல் நின்றுபோன காமன்கள் பலவற்றை பிர்ச் விழுங்கிவிட்டது. கோல்ஃப் மைதானம்தான் தன் ஆட்டத்துக்காகவாவது மரக்கன்றைப் பிடுங்கி, ஹெதரை வெட்டிவிட்டு, காமனர் செய்த வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தது. ஃபேர்வேக்காக ஏக்கர் ஏக்கராக ஹெதரைச் சுரண்டி எறிந்ததும் அவர்கள்தான். ஆனால் ஓரத்தில் மிஞ்சியதைக் காத்ததும் அவர்களே. நான் ஆடிய மைதானத்தில் பைன்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பசுமைக் காவலர்கள் "மரத்தை வெட்டாதே" என்று பலகை வைத்திருந்தார்கள். வெட்டுகிறவன்தான் சரி. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

காப்பாற்றினீர்கள், நன்றி. யாருக்காக? 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கிலாந்தின் மலை, ஹீத், பதிவான காமன்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் விதிவிலக்குகள். உழுத நிலம், கட்டடம், தோட்டம், சுரங்கம் என்று வரிசையாக வந்து, அங்கே இருக்கிறது: கோல்ஃப் மைதானமாகப் பயன்படும் நிலம். ஹீத்துக்கு உரிமை உண்டு. ஹீத்தின் மேல் கொடி நட்டுக் குழி தோண்டியிருந்தால் இல்லை.

பதினோராவது குழி. மைதானத்தின் குறுக்கே ஒரு பொதுப் பாதை போகிறது. அது சட்டப்படியான நடைபாதை, யாரும் மறிக்க முடியாது. அதில் ஒரு இளம் ஜோடி வந்தது. கேரளமோ ஆந்திரமோ, நம் பக்கத்து முகங்கள். தள்ளுவண்டியில் குழந்தை. ஹெதர் பூத்திருந்ததைப் பார்த்து அந்தப் பெண் பாதையிலிருந்து ஒரு பத்தடி உள்ளே இறங்கி நின்றாள். அவன் போனை எடுத்தான். பந்து போகிற திசை அதுவல்ல. எங்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. கைபடாத இயற்கையைப் பற்றிச் சொன்ன அதே கனவான் சத்தம் போட்டார். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. "எக்ஸ்கியூஸ் மீ, இது தனியார் நிலம்." அவ்வளவுதான். அந்தப் பையன் உடனே கையைத் தூக்கி, சாரி, சாரி என்றான். இரண்டு தடவை. அந்தப் பெண் செடியை மிதிக்காமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். போகிறபோது அவள் என்னைப் பார்த்தாள். நால்வரில் அவள் பார்க்கத் தோன்றியது என்னைத்தான். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் என் பந்தைப் பார்த்தேன். பந்தின் மேலிருந்த எழுத்தைப் படித்தேன். அந்தக் குழியில் ஐந்து அடி. எனக்கு அது நல்ல கணக்கு. "வெல் பிளேய்ட்" என்றார் கனவான். தேங்க்யூ என்றேன்.

ஆட்டம் முடிந்து, கோட்டு மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தபோது நண்பர் சொன்னார், உன்னை உறுப்பினராக்க என் பேரை நான் போடுகிறேன், இன்னொருவரும் தயார் என்று. அந்த இன்னொருவர் கனவான்தான்.

நான் ஒன்றும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் பயமில்லை. அனுமதி. விருந்தாளிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அனுமதி கிடைத்தவன் வாயைத் திறக்கமாட்டான். இந்தத் தந்திரம் ஹீத்லேண்ட் கிளப்களுக்குப் பழையது. ஆர்ட்டிசன் பிரிவு என்று ஒன்று உண்டு. உள்ளூர்த் தச்சன், தோட்டக்காரன், கொத்தனார் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் ஆடிக்கொள்ளலாம், சந்தா சொற்பம், பெரிய கிளப் வீட்டுக்குள் வரக் கூடாது. பதிலுக்கு மைதானத்தில் பெயர்ந்த புல்லை ஒட்டவைத்து வேலை செய்து கொடுக்க வேண்டும். சில கிளப்களில் இன்றும் இருக்கிறது. பெருந்தன்மை என்று இதைப் பாராட்டி எழுதுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய தாத்தா அதே மண்ணில் உரிமையோடு முள் வெட்டினாரோ! உரிமையாக இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு சலுகையாகத் திருப்பிக் கொடுப்பதற்கு நம் ஊரில் வேறு பெயர்கள் உண்டு.

பறவைகளைச் சொல்வார்கள் அடுத்து. தரையிலும் தரையை ஒட்டிய புதரிலும் கூடு கட்டும் பறவைகள் இங்கே உண்டு: நைட்ஜார், வுட்லார்க், டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர். மனிதனும் நாயும் போனால் கூடு கலையும் என்பது உண்மை. அவற்றுக்காக 2005இல் தேம்ஸ் பேசின் ஹீத்ஸ் என்று எங்கள் வட்டாரத்து ஹீத்களைச் சேர்த்துப் பாதுகாப்புப் பகுதியாக்கினார்கள். 400 மீட்டருக்குள் புது வீடு கட்டக் கூடாது. அதற்கப்பால் கட்டினால், வருகிற ஒவ்வொரு ஆயிரம் பேருக்கும் 8 ஹெக்டேர் மாற்று நடைவெளி உண்டாக்கித் தர வேண்டும், ஜனங்கள் ஹீத்துக்குப் போகாமல் அங்கே நாயை ஓட்டிக்கொண்டு போவதற்காக. பறவைக்காக நான் ஒதுங்கிப்போகத் தயார். ஆனால் தள்ளுவண்டியோடு வந்தவள் பத்தடி இறங்கினால் கூடு கலையும், நூற்றுக்கணக்கானவர்கள் மட்டையோடு பந்து தேடி ஹெதருக்குள் துழாவினால் கலையாதா? அன்றைக்கு நான் மட்டும் ஏழு பந்து தேடினேன்.

பந்து பட்டுவிடும், ஆபத்து என்பார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் உலகத்திலேயே பெயர்பெற்ற மைதானம்; ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊரார் நாயும் குழந்தையுமாக அதன் மேல் நடக்கிறார்கள். கோல்ஃப் ஒன்றும் செத்துப்போகவில்லை. ஹீத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால் சசெக்ஸில் ஆஷ்டவுன் காடு இருக்கிறது, வின்னி தி பூ கதைகள் நடக்கிற இடம். 1877இல் அங்கே ஒரு காமனருக்காகப் பெரணி அறுத்த ஜான் மைல்ஸ் என்ற ஆளை டி லா வார் பிரபுவின் ஆட்கள் தடுத்தார்கள். காமனர்கள் வழக்காடினார்கள். ரேப்பர் என்ற வக்கீல் வீடு வீடாகப் போய்க் கிழவர்களிடம், உங்கள் சின்ன வயதில் காட்டிலிருந்து என்னென்ன வெட்டினீர்கள் என்று கேட்டு எழுதினார். வருடக்கணக்கில் இழுத்து, 1885இல் காட்டைப் பராமரிக்கச் சட்டப்படி ஒரு குழு அமைந்தது. மூன்று வருடம் கழித்துக் கோல்ஃப் வந்தபோது நிலத்தில் ஏற்கெனவே உரிமைக்காரர்கள் இருந்தார்கள். அதனால் கோல்ஃப்தான் பணிந்து வந்தது. தோண்டி மணல் பங்கர் போட அனுமதியில்லை. இன்று வரைக்கும் ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் மைதானத்தில் ஒரு மணல் பங்கர் கூட இல்லை. ஹெதரும் ஓடையும் மேடுபள்ளமும்தான் தடை. நடக்கிறவர்கள் குறுக்கே போவார்கள். ஆடுகிறவன் காத்திருக்க வேண்டும். அந்த மைதானத்தைக் கோல்ஃப் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். உரிமைக்காரர்கள் விட்டுக்கொடுக்காததால்தான் அது அவ்வளவு நல்ல மைதானமாக வந்தது என்று எந்தக் கிளப் மலரிலும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன்.

ஆக, நான் கேட்பது புரட்சி இல்லை. அட்டவணையிலிருந்து அந்த ஒரு வரியை எடுங்கள். டீ, ஃபேர்வே, கிரீன் இருக்கட்டும். ஆட்டத்துக்கு வராத ஹெதர் நிலத்தை, கூடு கட்டும் மாதங்கள் போக மற்ற மாதங்களில், திறந்து விடுங்கள். ஆண்டுக்குச் சில வாரம் பூக்கிற ஒரு செடியைப் பார்க்க ஒருத்தி பத்தடி இறங்கினால் யாரும் சாரி கேட்கத் தேவையில்லாமல் இருக்கட்டும். மாட்டையும் விடலாம், ஆஷ்டவுனில் விடுகிறார்கள். சாணியில் பந்து விழுந்தால் அதற்கும் ஒரு விதி எழுதிக்கொள்வார்கள். கோல்ஃப்காரர்களுக்கு விதி எழுதச் சொல்லியா தர வேண்டும்?

தோழர், உங்கள் சிரிப்புப் பொம்மைக்குப் பதில் இதுதான். கோல்ஃபைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். அந்தச் சிரிப்பால் வேலியில் ஒரு கம்பி கூட அசையாது. தோழி, அடுத்த தடவை வாருங்கள், வேபிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கத்துக் கல்லைக் காட்டுகிறேன், மூன்று பதிவு எழுதலாம்.

உறுப்பினர் விண்ணப்பம் மின்னஞ்சலில் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் போடவில்லை. வேண்டாம் என்றும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மணலும், பந்து ஓடிய விதமும் இன்னும் காலில் இருக்கிறது. நேற்று ரயிலில் நண்பர் மறுபடி கேட்டார். முதலில் ஒரு நாள் ஆஷ்டவுன் போய் ஆடலாம், அங்கே பங்கர் கிடையாது என்றேன். "பங்கர் இல்லாத கோல்ஃபா?" என்று சிரித்தார். பதினோராவது குழியில் நடந்ததை அதற்குப் பிறகுதான் அவரிடம் சொன்னேன். அவர் அப்போது எதையும் கவனிக்கவில்லையாம். சர்பிட்டன் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், சனிக்கிழமை வருகிறேன், கார் நான் எடுக்கிறேன் என்றார்.